உப்பளத்துக் கிருமிக்கு ஊர்ப் பணம் எதற்கு?

மரக்காணத்து உப்பளங்களில் சித்திரை வெயில் ஏறும்போது சில பாத்திகளின் நீர் இளஞ்சிவப்பாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் ஆறு பேருடன் அந்த வரப்புகளில் நடந்து, சிவந்த நீரைச் சிறு புட்டிகளில் பிடித்துக்கொண்டிருந்தேன். பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு, "இந்தத் தண்ணிய என்னா சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். இதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவற்றை வளர்த்துப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவருக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. "செவந்தாதான் சார் உப்பு நல்லா எறங்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பலகையைப் பிடித்தார்.

அவர் சொன்னது சரிதான். அடர்ந்த உப்புநீரில் வேறெந்த உயிரும் தாங்காத இடத்தில் வாழும் அந்தச் செந்நிற நுண்ணுயிர்கள் வெயிலின் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. நீர் விரைவாக ஆவியாகிறது. வெயிலில் நின்று உழைத்துப் பெற்ற அறிவு அது.

அந்த ஆண்டு, அந்த உயிர்களைப் பற்றி ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் எழுதி நிதி கேட்டிருந்தேன். குழுவில் இருந்த ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு, "உப்பளத்துக் கிருமிக்கு ஊர்ப் பணம் எதற்கு? மனுஷனுக்கு வர்ற நோயில ஏதாவது செய்யுங்களேன்" என்றார். திட்டம் திரும்பி வந்தது. அந்த ஏமாற்றம் ஆறிவிட்டது. அந்தக் கேள்வி ஆறவில்லை. ஏனென்றால் அது ஒருவர் கேள்வி மட்டும் இல்லை. கல்லூரிச் சேர்க்கையின்போது பெற்றோர் கேட்பது அது. நிதி ஒதுக்கும் அதிகாரிகள் கேட்பது அது. நன்கு படித்த நண்பர்கள் காபி குடித்துக்கொண்டே கேட்பதும் அதுதான். அந்தக் கருத்து தவறு என்பதையும், அதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். நுண்ணுயிரியல் என்பது நோய்க்கிருமிகளைப் பற்றிய படிப்பு. நம்முடையது பணக்கார நாடு இல்லை. காசநோயும் டெங்குவும் இருக்கும்போது, வெந்நீர் ஊற்றிலும் உப்பளத்திலும் கொசுவின் வயிற்றிலும் என்ன இருக்கிறது என்று தேடுவது ஆடம்பரம். நோய்க்கு நேரே உதவும் ஆய்வை மட்டும் நாம் செய்வோம். மற்றதை வசதி உள்ளவர்கள் கண்டுபிடிக்கட்டும், தேவையானால் வாங்கிக்கொள்ளலாம். சிதறிக் கிடக்கும் துறையைக் குறுக்கினால் பயன் கூடும். கேட்பதற்கு இது பொறுப்புள்ள பேச்சாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்பவர்களின் நல்லெண்ணத்திலும் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நடந்த வரலாறு இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

உப்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தே பகுதியில் சாந்தா போலா என்ற ஊரில், நம் மரக்காணம், வேதாரண்யம் போலவே உப்பளங்கள் உண்டு. 1980களின் இறுதியில் பிரான்சிஸ்கோ மோஹிக்கா என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணு எழுத்துகளைப் படிக்க உட்கார்ந்தார். ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப, சீரான இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. 1987இல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷிசுமி இஷினோ குழுவினர் குடல் பாக்டீரியா ஒன்றில் இதே போன்ற ஒன்றைப் பார்த்து, பொருள் புரியாமல் பதிந்து வைத்திருந்தார்கள். மோஹிக்கா விடவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அதையே தொடர்ந்தார். 2003இல்தான் விடை கிடைத்தது: துணுக்குகளுக்கு இடையில் இருந்தவை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மரபணுத் துண்டுகள். தன்னைத் தாக்கியவனின் அடையாளத்தை அந்த உயிர் தனக்குள் எழுதி வைத்து, அடுத்த தலைமுறைக்கும் கொடுத்திருக்கிறது. பல இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2005இல்தான் அது அச்சேறியது.

அதன் பெயர்தான் கிரிஸ்பர். 2007இல் தயிர், பாலாடைக்கட்டிக்கு உறைமோர் போல உதவும் பாக்டீரியாவை வைத்து, இது உண்மையிலேயே ஒரு நோய்த்தடுப்பு ஏற்பாடு என்று டானிஸ்கோ நிறுவனத்தின் விஞ்ஞானிகள் நிறுவினார்கள். 2012இல் ஜெனிபர் டௌட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்டியேயும் அதை எந்த மரபணுவையும் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கருவியாக்கிக் காட்டினார்கள். 2020இல் நோபல் பரிசு வந்தது. 2023 இறுதியில் அரிவாள் செல் ரத்தசோகைக்கு கிரிஸ்பர் வழிச் சிகிச்சை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நாளங்களை அடைத்து, பிள்ளைகளை வலியில் துடிக்க வைக்கும் பரம்பரை நோய் அது.

இந்தப் பாதையைப் பின்னோக்கிப் பாருங்கள். "அரிவாள் செல் நோய்க்கு மருந்து வேண்டும், அதற்கு மட்டும் பணம்" என்று 1989இல் ஒரு குழு முடிவு செய்திருந்தால் யாரை அனுப்பியிருக்கும்? ரத்தநோய் மருத்துவர்களை அனுப்பியிருக்கும். அது நியாயமும்கூட. ஆனால் உப்பளத்துக்கு ஒருவரையும் அனுப்பியிருக்காது. பயனைக் குறிவைத்துப் புறப்படுகிறவருக்குத் தனக்குத் தெரிந்த பாதைகள் மட்டுமே தெரியும். கருவி இருந்ததோ யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில்.

ஒரே ஒரு கதையை வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1966இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக், ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளங்கலை மாணவருடன் மாதிரி எடுத்தார். கை வைத்தால் வெந்துபோகும் 70 டிகிரி நீரில் சுகமாக வளரும் ஒரு பாக்டீரியா கிடைத்தது. உயிர் எவ்வளவு சூடு தாங்கும் என்பது மட்டுமே அவர் கேள்வி. 1969இல் அதற்குத் தெர்மஸ் அக்வாடிகஸ் என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். யார் கேட்டாலும் கிடைக்கும்படி அதை ஒரு நுண்ணுயிர்க் களஞ்சியத்தில் சேர்த்தும் வைத்தார். 1976இல் வேறு சிலர் அதிலிருந்து மரபணுவை நகலெடுக்கும் நொதியைப் பிரித்தார்கள். 1983இல் கேரி முல்லிஸ் ஒரு மரபணுத் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கும் முறையை யோசித்தார். அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் கலவையை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி ஒவ்வொரு முறையும் செத்துப்போகும். வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி சாகவில்லை. அதுதான் பிசிஆர்.

2020இல் உங்கள் மூக்கில் குச்சியை விட்டு எடுத்துப்போனார்களே, அந்தச் சோதனை. இந்தியாவில் 2020 ஜனவரியில் கொரோனா சோதனை செய்யும் ஆய்வகம் புனேவில் ஒன்றே ஒன்று இருந்தது. ஜூன் இறுதிக்குள் ஆயிரத்தைத் தாண்டியது. கட்டடத்தையும் கருவியையும் அவசரமாக வாங்கிவிடலாம். ஆனால் மாசு கலக்காமல் மாதிரியைக் கையாளத் தெரிந்த கைகளை ஐந்து மாதத்தில் உருவாக்க முடியாது. முழுக் கவச உடைக்குள் வியர்வையில் ஊறி இரவு பகலாக நின்ற அந்தப் பிள்ளைகளில் பலர், "கிருமி படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று உறவினர்கள் கேட்டபோது தலைகுனிந்து நின்றவர்கள். என் மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆபத்து வந்தபிறகு தேடினால் கிடைக்காத அறிவு இது. அமைதிக் காலத்தில் வளர்த்து வைத்திருக்க வேண்டியது.

நுண்ணுயிர் என்றால் நோய் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, புழு எல்லாம் சேர்த்து மனிதனுக்கு நோய் தருபவை என்று அறியப்பட்டவை ஏறத்தாழ 1,400 இனங்கள் என 2005இல் ஒரு கணக்கு வெளியானது. இன்னும் பெயரே வைக்கப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு நடுவில் இது ஒரு கைப்பிடி. நம் உடம்பின் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி என்றால், உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதற்குச் சற்று மேல். காவல் நிலையக் குற்றப் பதிவேட்டை மட்டும் படித்துவிட்டு ஓர் ஊரின் மக்களைப் பற்றி முடிவு செய்வது எவ்வளவு பிழையோ, நுண்ணுயிர்களை நோயை வைத்து மட்டும் எடைபோடுவதும் அவ்வளவு பிழை.

ஊரில் உளுந்து விதைத்திருப்பவர்களிடம் கேட்டு ஒரு செடியை வேரோடு மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணை உதறினால் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறத்துக்குக் காரணமான புரதம் நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருள். உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகிறது. முடிச்சு சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இது 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவரும், ஹாலந்தில் பெய்ஜரிங்க்கும் கண்டு சொன்னது. இன்று நம் உழவர்கள் ரைசோபியம் பாக்கெட்டை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கிறார்கள். நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் போடுகிறார்கள். இதையே ஒரு நாடு முழுவதும் செய்தால் என்னவாகும் என்று பிரேசில் காட்டியது. யோஹானா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி தொடங்கிய வழியில், இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் அந்த நாடு, சோயாவுக்கு நைட்ரஜன் உரம் ஏறக்குறைய இல்லாமலே பயிர் செய்கிறது. அந்தப் பணியைத் தொடர்ந்த மண் நுண்ணுயிரியலாளர் மரியாஞ்செலா ஹங்ரியாவுக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. யூரியாவுக்காக வெளிநாட்டைப் பார்த்து நிற்கும் நாட்டில், மண் நுண்ணுயிர் ஆய்வை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வயலை விட்டு நகரத்துக்கு வாருங்கள். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கோயம்பேட்டிலும் சென்னையின் சாக்கடை நீர் சுத்தமாவதில் பெரும்பங்கு வேலையைச் செய்வது பாக்டீரியா. காற்றை ஊதி, பாக்டீரியா செறிந்த சேற்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் அந்த முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் வகுத்தார்கள். வீட்டு மருந்துப் பெட்டிக்கு வாருங்கள். 1982 வரை நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொண்ட இன்சுலின் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்தது. அந்த ஆண்டு முதல் குடல் பாக்டீரியா மனித இன்சுலினைச் செய்து கொடுக்கிறது. அதைச் சாத்தியமாக்கிய மரபணு வெட்டும் நொதிகளும், பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் நடக்கும் சண்டையைச் சும்மா வேடிக்கை பார்த்தவர்கள் கண்டெடுத்தவையே. காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்க மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. ஆப்பிரிக்காவில் கண்ணைப் பறித்துவந்த ஆற்றுக்குருடு நோயின் மருந்து, ஜப்பானில் சதோஷி ஓமுரா அள்ளிய ஒரு பிடி மண்ணிலிருந்து வந்தது.

டெங்கு இருக்கும்போது கொசுவின் வயிற்றுப் பாக்டீரியா எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1924இல் அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் வீட்டுக் கொசு ஒன்றின் உடலுக்குள் ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார்கள். மனிதனுக்கு அதனால் நோய் இல்லை. பல பத்தாண்டுகள் அதைப் பூச்சியியல் ஆர்வலர்கள் மட்டுமே தொடர்ந்தார்கள். பின்னர்தான் தெரிந்தது, அந்த வோல்பாக்கியா டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் புகுந்தால் அந்தக் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாக வளராது என்று. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது. முடிவுகள் 2021இல் வெளியாயின. நம் புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் வோல்பாக்கியா ஏறிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. "டெங்குவுக்கு நேரே உதவும் ஆய்வு மட்டும்" என்ற விதி 1924இல் இருந்திருந்தால் இன்று டெங்குவுக்கு எதிராக இந்த ஆயுதம் கிடைத்திருக்காது.

மூன்றாவது வாதம் எனக்கு மிகவும் வலிப்பது: அவர்கள் கண்டுபிடிக்கட்டும், நாம் வாங்கிக்கொள்வோம். நுண்ணுயிர்கள் ஊருக்கு ஊர் மாறுபவை. நம் குழந்தைகளின் குடலும் நம் மண்ணும் நம் சாக்கடையும் வேறொருவர் ஆய்வகத்தில் இருக்காது. கல்கத்தாவில் சம்பு நாத் டே, குறைந்த வசதிகளோடு முயல் குடலை வைத்துச் சோதித்து, காலராவில் ஆளைக் கொல்வது பாக்டீரியா வெளிவிடும் ஒரு நஞ்சு என்று 1959இல் நிறுவினார். ராபர்ட் காக் அதே கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து 75 ஆண்டுகள் ஆகியும் உலகம் காணாத உண்மை அது. அந்த நஞ்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் இழுத்து வெளியேற்றுகிறது. போனதைத் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். 1971இல் வங்கதேசப் போரின்போது போன்கான் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

நம் சென்னைக்கே வருவோம். காசநோய் என்றால் வீட்டை விட்டு சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலம். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம், நெரிசலான ஏழைக் குடியிருப்புகளின் நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்து, சளியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்துக் கணக்கெடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். உடன் இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. சென்னை உலகுக்குக் கொடுத்தது அது.

1980களின் நடுவில் எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம் சமூகத்துக்குள் வராது என்று பலரும் உறுதியாக நம்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் தேடிப் பார்க்கச் சொன்னார். நிர்மலா தயங்கித்தான் ஏற்றார். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். பத்திரப்படுத்த இடம் இல்லாததால் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்தார். 1986 தொடக்கத்தில் ஐஸ் பெட்டியில் அவற்றை அடுக்கி, கணவருடன் இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவுக்குள் எச்ஐவி வந்துவிட்டது என்று நாடு அறிந்தது அப்படித்தான். அவசியமில்லாத தேடல் என்று அன்று யாராவது அதை நிறுத்தியிருந்தால், இன்னும் எத்தனை ஆண்டுகள் சோதிக்காத ரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றிக்கொண்டிருப்போம்?

இன்னொன்று. 1980களின் நடுவில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், ரோட்டா வைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கு வராமல் நலமாக இருந்த பச்சிளம் குழந்தைகளை மகராஜ் கிஷன் பான் குழுவினர் கவனித்தார்கள். நோயில்லாத குழந்தையின் மலத்தை எடுத்து ஏன் ஆராய வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அந்தச் சாதுவான வைரஸ்தான் ரோட்டாவாக் தடுப்பு மருந்தானது. வேலூர் உள்ளிட்ட இடங்களில் சோதிக்கப்பட்டு, 2014இல் உரிமம் பெற்று, 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் நம் ஏழைக் குழந்தைகளுக்கு அது எந்த விலையில், எப்போது வந்திருக்கும்?

நேர்மையான ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். நம் கல்லூரிகளில் நடக்கும் நுண்ணுயிர் ஆய்வுகளில் கணிசமானவை யாருக்கும் உதவாதவை என்கிறார்கள். உண்மை. ஓர் இலையின் சாற்றை எடுப்பது, காகித வில்லையில் நனைப்பது, நான்கு பாக்டீரியா வளர்த்த அகார் தட்டில் வைப்பது, மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டத்தை ஸ்கேலால் அளப்பது, கட்டுரையாக்குவது. இந்த ஆண்டு வேப்பிலை, அடுத்த ஆண்டு துளசி, அதற்கடுத்து குப்பைமேனி. இதே ஆய்வுக்கு நானே வழிகாட்டியாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் இது ஏன் நடக்கிறது? "சமூகத்துக்கு என்ன பயன்?" என்ற கட்டத்தை நிரப்ப எளிய வழி அதுதான். மருந்து என்று எழுதினால் கேள்வி இல்லை. உப்பளம் என்று எழுதினால் கேள்வி. உடனடிப் பயனைக் கேட்டுக் கேட்டு, எல்லோரையும் ஒரே குறுகிய சந்துக்குள் தள்ளியிருக்கிறோம். பயனற்ற ஆய்வு பெருகியதற்குப் பரப்பு காரணமில்லை, குறுக்கியதுதான் காரணம். நோய்க்குக் கொடுக்கும் மருந்தே அந்த நோயை வளர்ப்பதாக இருக்கக் கூடாது.

வென்ற கதைகளை மட்டும் சொல்கிறீர்கள், வீணான ஆயிரம் ஆய்வுகளை யார் கணக்கெடுப்பது என்றும் கேட்கலாம். கணக்கெடுப்போம். பிராக் களஞ்சியத்தில் சேர்த்த பாக்டீரியா பல ஆண்டுகள் பெரிய பயனின்றி அங்கேயே இருந்தது. தேவை வந்தபோது எடுத்துக்கொண்டார்கள். மோஹிக்கா தம் துணுக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, முகம் தெரியாத பலர் ஏதேதோ வைரஸ்களின் மரபணுக்களைப் படித்துப் பொதுத் தளத்தில் போட்டு வைத்திருந்ததால். கவனமாகச் செய்து, ஒழுங்காகப் பதிந்து, மாதிரியைப் பத்திரப்படுத்திய ஆய்வு வீணாவதில்லை. அது விதை நெல் மாதிரி. இந்த வருடம் சோறாகவில்லை என்பதற்காக விதைக் கோட்டையைப் பிரித்து யாரும் கொட்டுவதில்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆகும் செலவு ஒரு சாலைச் சந்திப்பு மேம்பாலத்தின் ஓரத்துச் சுவர் கட்டக்கூடப் போதாது.

ஆபத்து பற்றிய அச்சமும் நியாயமானதே. 1978இல் பிரிட்டனின் பர்மிங்காமில், பெரியம்மை வைரஸை வைத்திருந்த ஆய்வகம் இயங்கிய கட்டடத்தில் பணிபுரிந்த ஒருவர் அந்த நோய் தொற்றி இறந்தார். உலகில் பெரியம்மைக்கு அவரே கடைசி பலி. அதற்குத் தீர்வு கடுமையான பாதுகாப்பு விதிகளும், அவற்றை அறிந்த பயிற்சி பெற்ற ஆட்களும். பெரியம்மையை உலகிலிருந்தே ஒழித்ததும் நுண்ணுயிர் அறிவுதான் என்பதை மறக்க முடியாது. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அடுத்த மருந்து எந்தக் குளத்துச் சேற்றில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத இந்த வேளையில், தேடும் இடங்களைக் குறைப்பதுதான் உண்மையான ஆபத்து.

வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு விலையையும் சொல்லிவிடுகிறேன். அரிவாள் செல் நோய்க்கு வந்த அந்தக் கிரிஸ்பர் சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். ஏறத்தாழ 18 கோடி ரூபாய். இந்தியாவில் அந்த நோயின் கூறு முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம். அந்த மலைக் குழந்தைக்கு யார் 18 கோடி கொடுப்பார்? தில்லியில் மரபணுவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றில், வேறொரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த வெட்டும் புரதத்தை எடுத்து, நம் விஞ்ஞானிகள் அதே நோய்க்காக உழைத்துவந்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அதே புரதத்தைக் கொண்டுதான் பெலூடா என்ற சோதனையை உருவாக்கினார்கள். கைவசம் அறிவு இருந்தவர்களால் சில மாதங்களில் திரும்பிக்கொள்ள முடிந்தது. வாங்கக் காத்திருப்பவர்களால் அது முடியாது.

ஆகவே நிதிக் குழுக்களில் அமர்பவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். நோய்க்கான ஆய்வுக்குத் தருவதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கை, பயன் என்ன என்று கேட்காத ஆய்வுக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: கேள்வி தெளிவானதா, முறை நேர்மையானதா, மாதிரிகளையும் தரவுகளையும் எல்லோருக்கும் கிடைக்கும்படி வைப்பார்களா? பெற்றோர்களே, நுண்ணுயிரியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையை, மருத்துவ இடம் கிடைக்காததற்கு ஆறுதலாக அதில் சேர்க்காதீர்கள். அதன் ஆசைக்காகச் சேருங்கள். சக ஆசிரியர்களே, அடுத்த மாணவருக்கு இன்னோர் இலைச் சாற்றைக் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் உப்பளத்துக்கும் சாயப்பட்டறைக் கால்வாய்க்கும் அனுப்புங்கள்.

மரக்காணத்துப் பாத்திகள் வரும் சித்திரையிலும் சிவக்கும். அந்த நீரைப் பிடித்துவர ஒரு மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும், அதை வளர்த்துப் பார்க்கச் சில ஆண்டுகளும் கொடுங்கள்.